எண்ணெய் வயல் மாசு: வழக்கா, புகாரா, சமரசமா?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு நிலம். விற்றால் 1,08,000 டாலர் தேறும். எண்ணெய் எடுத்த நிறுவனம் அந்த மண்ணில் விட்டுச்சென்ற கழிவை அகற்ற ஜூரி கணக்கிட்ட தொகையோ 3.3 கோடி டாலர். 2003-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை உறுதிசெய்தது. நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைப்பதாகக் குத்தகையில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு, நிலத்தின் விலை குறைவு என்று காரணம் காட்டி நழுவ முடியாது என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது. கிடைத்த பணத்தை மண்ணைச் சுத்தம் செய்யத்தான் செலவிட வேண்டும் என்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்த அன்றைய சட்டத்தில் வழியில்லை.

வழக்கில் முழு வெற்றி கிடைத்தும் மண் அழுக்காகவே கிடக்கலாம் என்பதுதான் இதன் பொருள். இதைச் சரிசெய்ய லூசியானா 2006-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாசு இருப்பதாக நீதிமன்றம் முடிவுசெய்தால், துப்புரவுத் திட்டத்தை மாநிலத்தின் இயற்கை வளத் துறை வகுக்க வேண்டும். அதற்கான பணம் நீதிமன்றத்தில் கட்டப்பட்டு அந்தத் திட்டத்துக்கே செலவாக வேண்டும். 2012-இல் செய்த திருத்தம் இன்னும் ஒரு படி போனது. அரசு விதித்த அளவுக்குச் சுத்தம் செய்யும் பொறுப்பை மட்டும் ஏற்கிறேன், மற்றக் கோரிக்கைகளில் வாதாடுவேன் என்று நிறுவனம் சொல்ல வழி திறந்தது.

எண்ணெய் வயல் மாசு பற்றிய தகராறில் எந்த வழியைத் தேர்வது என்று யோசிப்பவர்கள் இந்தப் பிரிவினையை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே தகராறுபோலத் தெரிவதில் உண்மையில் இரண்டு இருக்கின்றன. யார் பொறுப்பு, எவ்வளவு இழப்பீடு என்பது ஒன்று. எந்த அளவுக்கு, எந்த முறையில், எப்போதைக்குள் சுத்தம் செய்வது, முடிந்ததை யார் சரிபார்ப்பது என்பது மற்றொன்று. முதலாவதற்கு நீதிமன்றம் பொருத்தமான இடம். இரண்டாவதற்கு சமரசப் பேச்சுதான் சிறந்தது என்பது என் கருத்து. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவை இல்லாத சமரசம் நிறுவனத்துக்குக் காலம் வாங்கித் தரும் ஏற்பாடாகிவிடும்.

தொகை ஏன் இப்படி மாறுகிறது

எண்ணெய் வயல் மாசு என்றதும் கறுப்பு எண்ணெய்தான் நினைவுக்கு வரும். பழைய வயல்களில் பெரும்பாலும் அதைவிட நீண்ட தொல்லை தருவது எண்ணெயோடு மேலேறி வரும் உப்புநீர். கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு கொண்ட நீர்கூட அதில் உண்டு. ஒரு காலத்தில் அதை வெறும் மண்குழிகளில் தேக்கிவைத்தார்கள். எண்ணெயை நுண்ணுயிரிகள் மெல்லத் தின்று தீர்க்கும். உப்பைத் தின்ன எந்த உயிரும் இல்லை. சோடியம் களிமண்ணின் கட்டமைப்பையே குலைத்து, நீர் இறங்காத கட்டியாக மாற்றிவிடும். இவற்றோடு துளையிடும் சேற்றிலிருந்து வந்த பேரியம், குழாய்களின் உட்புறத்தில் படியும் ரேடியம், நிலத்தடி நீரில் கரையும் பென்சீன் எல்லாம் சேரும்.

இவற்றை எதுவரை அகற்றினால் 'சுத்தம்' என்பதில்தான் கோடிகள் கூடுவதும் குறைவதும். ஈக்வடாரில் 7, 21 எனும் இரண்டு எண்ணெய்த் தொகுதிகளை பெரென்கோ, பர்லிங்டன் நிறுவனங்கள் கூட்டாக நடத்தின. அரசோடு ஏற்பட்ட தகராறு இரண்டு தனித்தனி நடுவர் மன்றங்களுக்குப் போனது. (நீதிமன்றத்துக்குப் பதிலாக, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட முறையில் நடுவர்கள் அமர்ந்து தீர்ப்பளிக்கும் ஏற்பாடு இது.) சுற்றுச்சூழல் சேதத்துக்காக அரசு கேட்டது 200 கோடி டாலருக்கும் மேல். பர்லிங்டன் வழக்கில் 2017-இல் கிடைத்தது சுமார் 3.92 கோடி; பெரென்கோ வழக்கில் 2019-இல் சுமார் 5.4 கோடி. இரண்டையும் கூட்டினாலும் 10 கோடியைத் தொடவில்லை. இயற்கையில் இருந்த அளவுக்கு ஒரு துளி கூடினாலும் சேதமே என்றது அரசுத் தரப்பு. சட்டம் அனுமதித்த வரம்பைத் தாண்டினால்தான் சேதம் என்று மன்றங்கள் எடுத்துக்கொண்டன. பெரென்கோ மன்றம் இரு தரப்பு நிபுணர்களையும் நம்பி முடிவெடுக்காமல், தானே ஒரு சுயேச்சையான நிபுணரை அமர்த்தி மண்ணை ஆராயவைத்தது.

பல ஆண்டுகள் வாதாடி முடித்த பிறகு வந்துசேர்ந்த இடம், யாருக்கும் வேண்டியவர் அல்லாத ஒருவர் மண்ணெடுத்துப் பார்ப்பது. சமரசத்தில் இதையே முதல் மாதத்தில் செய்யலாம். அதன் பக்கம் நான் சாய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

மற்ற வழிகளைப் பார்த்துவிடுவோம்

நிறுவனத்தோடு நேரடியாகப் பேசுவது சிறிய கசிவுக்குப் போதும். நிறுவனம் இன்னும் அங்கே தொழில் செய்கிறது, அக்கம்பக்கத்தில் பெயர் கெடுவதை விரும்பவில்லை என்றால் வேலை விரைவில் நடக்கும். பெரிய மாசில் இந்த வழி ஆபத்தானது. நைஜீரியாவின் போடோ ஊரில் 2008-இல் ஷெல் நிறுவனத்தின் குழாய் உடைந்து கழிமுகக் காடும் ஓடையும் நாசமானபோது, நிறுவனம் முதலில் தர முன்வந்தது 4,000 பவுண்டு என்கிறது ஊர் மக்கள் தரப்பு. லண்டன் நீதிமன்றத்துக்கு வழக்கு போன பிறகு 2015 ஜனவரியில் முடிவான தொகை 5.5 கோடி பவுண்டு. வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன் 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று அச்சிட்ட தாளில் கையெழுத்திடக் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் செய்வதற்குச் செலவு அநேகமாக இல்லை. மாதிரி எடுக்கவும், உத்தரவிடவும், உரிமத்தை நிறுத்தவும் அதற்கு அதிகாரம் உண்டு. இழப்பீடு வாங்கித் தராது. அதைவிடப் பெரிய கேள்வி, ஆணையம் கொடுக்கும் 'முடிந்தது' என்ற சான்றை எவ்வளவு நம்பலாம் என்பது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2011-இல் நைஜீரியாவின் ஒகோனிலாந்து பற்றி வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். துப்புரவு முடிந்துவிட்டதாக நிறுவனத்தின் ஏட்டில் இருந்த இடங்களில் 15-ஐத் தேர்ந்து ஆராய்ந்தார்கள். 10 இடங்களில் மாசு, நிறுவனமும் அரசும் வகுத்த வரம்பையே தாண்டியிருந்தது. மேல்மண்ணைப் புரட்டிப்போட்டு இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று விடும் முறை அங்கே பலிக்கவில்லை. எண்ணெய் பல இடங்களில் ஐந்து மீட்டர் ஆழத்துக்கும் இறங்கியிருந்தது.

இருந்தாலும் புகாரைத் தவிர்க்காதீர்கள். வேறு எந்த வழியைத் தேர்ந்தாலும், தேதியிட்ட புகாரும் ஆணையத்தின் ஆய்வுக் குறிப்பும் பின்னால் பயன்படும்.

நடுவர் மன்றம் யாருக்குப் பொருந்தும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம்: ஒப்பந்தத்தில் அந்த விதி இருப்பவர்களுக்கு. அரசும் நிறுவனமும், அல்லது வயலை விற்றவரும் வாங்கியவரும். நெதர்லாந்தின் ஹேகில் உள்ள நிரந்தர நடுவர் நீதிமன்றம் 2001-இலேயே சுற்றுச்சூழல் தகராறுகளுக்கென்று தனி விதிகளை வகுத்திருக்கிறது. ஆனால் வயலருகே வாழ்பவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டவர் அல்லர். அந்த மேசையில் அவருக்கு நாற்காலி இல்லை.

நீதிமன்றத்துக்கு வருவோம். அதன் பலத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். நிறுவனத்தின் பழைய கோப்புகளை வெளியே கொண்டுவர வைக்கும் அதிகாரம் அதற்குத்தான் இருக்கிறது. எந்த ஆண்டு எந்தக் குழியில் எதைக் கொட்டினார்கள் என்பது பெரும்பாலும் அந்தக் கோப்புகளில்தான் கிடைக்கும். சமரசர் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. சட்டக் கேள்வி தீராமல் கிடக்கும்போதும், நிறுவனம் மாசையே மறுக்கும்போதும் வழக்கைத் தவிர வேறு வழியில்லை.

அதன் விலை காலம். ஈக்வடாரின் லாகோ அக்ரியோ பகுதி மக்கள், அங்கே எண்ணெய் எடுத்த டெக்ஸாகோ நிறுவனத்தின் மீது நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது 1993-இல். அங்கே விசாரிக்க முடியாது என்று தள்ளுபடியானது. 2003-இல் ஈக்வடாரில் மீண்டும் தொடுத்தார்கள். 2011-இல் தீர்ப்பு வந்தது. பின்னர் தொகை 950 கோடி டாலராக நின்றது. டெக்ஸாகோவை வாங்கியிருந்த செவ்ரான் அதைச் செலுத்தவில்லை. அந்தத் தீர்ப்பு மோசடியால் பெறப்பட்டது என்று 2014-இல் நியூயார்க் நீதிமன்றம் முடிவுசெய்தது. 2018-இல் ஹேகில் அமர்ந்த நடுவர் மன்றமும் செவ்ரான் பக்கமே நின்றது. யார் பக்கம் நியாயம் என்பதில் இன்றும் கருத்து பிளவுபட்டிருக்கிறது. கழிவுக் குழிகளுக்கு அருகே வசித்தவர்களில் ஒரு தலைமுறைக்கு இந்த வழக்கிலிருந்து ஒரு கூடை சுத்தமான மண்ணும் கிடைக்கவில்லை என்பதில் பிளவுபட ஒன்றுமில்லை.

சமரசத்தில் என்ன நடக்கிறது

சமரசர் தீர்ப்பளிப்பதில்லை. இரு தரப்பையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவார். பிறகு தனித்தனி அறையில் சந்திப்பார். தனி அறையில் சொன்னதை அனுமதியின்றி அடுத்த அறையில் சொல்ல மாட்டார். பேச்சில் முன்வைத்த எதையும் பின்னர் நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது என்பது பொதுவான விதி. இந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் நிறுவனத்தின் பொறியாளர் வழக்கறிஞரின் முகத்தைப் பார்க்காமல், இந்தக் குழியைத் தோண்டியெடுப்பதைவிட அந்தக் கிணற்று நீரை முதலில் கவனிக்க வேண்டும் என்று வாய்திறந்து சொல்கிறார். நிபுணர்களை வழக்கறிஞர்கள் இல்லாத அறையில் அரைநாள் விட்டால், கருத்து வேறுபாடு பாதியாகக் குறைந்துவிடுவது இந்தத் துறையில் பலரும் சொல்லும் செய்தி.

நீதிபதியால் தர முடியாத சிலவும் இங்கே கிடைக்கும். துப்புரவு முடியும்வரை குடிநீருக்கு மாற்று ஏற்பாடு. விளைச்சல் காலம் தவிர்த்து வேலை செய்வது. வீடுகளுக்கு அருகிலுள்ள குழி முதலில், காட்டோரக் குழி கடைசியில் என்று வரிசைப்படுத்துவது. மாதிரி எடுக்கும்போது ஊர்ப் பிரதிநிதி உடனிருந்து பாதி மாதிரியை வேறு ஆய்வகத்துக்கு அனுப்புவது. தீர்ப்பு என்பது பெரும்பாலும் ஒரு தொகை. துப்புரவு என்பது பல ஆண்டு நீளும் வேலை. வேலைக்கு அட்டவணையும் மேற்பார்வையும் வேண்டும்.

பழைய வயல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐம்பது ஆண்டுகளில் நான்கு நிறுவனங்கள் கைமாறியிருக்கும். உப்புநீர் யாருடையது, எண்ணெய் யாருடையது என்று பிரிப்பது குதிரைக்கொம்பு. நிறுவனங்களுக்கும் காப்பீட்டாளர்களுக்கும் இடையே பங்கைப் பிரிக்கும் இந்தத் தகராறில்தான் சமரசம் மிகச் சுலபமாகப் பலன் தருகிறது. எல்லோரிடமும் பணம் இருக்கிறது, வழக்குச் செலவை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள், யாருக்கும் தனிப்பட்ட காயம் இல்லை. எல்லை கடந்த வணிகத் தகராறாக இருந்தால், சமரச உடன்பாட்டை வெளிநாட்டிலும் நிறைவேற்றிக்கொள்ள 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சிங்கப்பூர் உடன்படிக்கையும் உதவும், சம்பந்தப்பட்ட நாடு அதில் சேர்ந்திருந்தால். அது வணிகத் தகராறுகளுக்கு மட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஊருக்கும் நிறுவனத்துக்கும் இடையே அவ்வளவு சுலபமில்லை. ஒரு பக்கம் நீர்ப்புவியியலாளர், மூன்று வழக்கறிஞர்கள். மறுபக்கம் தண்ணீரில் நாற்றம் வருகிறது என்று மட்டும் சொல்லத் தெரிந்தவர்கள். சமரசர் நடுநிலையாளர், பலவீனமான தரப்புக்கு அவர் வழக்கறிஞர் ஆக முடியாது. சமமற்றவர்களிடையே நடுநிலை என்பது பலசாலிக்கே உதவும் என்று சொல்பவர்களை நான் மறுக்க மாட்டேன். மக்கள் தரப்புக்குச் சொந்தமாக ஒரு நிபுணர் வேண்டும், அவருக்கான ஊதியத்தை நிறுவனம் முன்கூட்டியே ஒரு பொதுக் கணக்கில் கட்ட வேண்டும். இதற்கு ஒப்பாத நிறுவனம் சமரசத்துக்கு வந்திருப்பதாக நான் கருதுவதில்லை.

போடோவில் நடந்ததை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். வழக்கும் சமரசமும் அங்கே அருகருகே ஓடின. இழப்பீடு லண்டன் நீதிமன்றத்தில் இருந்தது. துப்புரவைப் பற்றிப் பேச 2013-இல் நெதர்லாந்துத் தூதரக முயற்சியோடு தனியாக ஒரு சமரச அமைப்பு உருவானது. 2015-இல் இழப்பீடு முடிந்தது: 15,600 மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் 3.5 கோடி பவுண்டு, ஊருக்குப் பொதுவாக 2 கோடி. துப்புரவோ அதே ஆண்டு தொடங்கவிருந்து நின்றுபோனது. நிறுத்தியது நிறுவனம் அல்ல, ஊருக்குள் எழுந்த பிணக்கு. யார் ஊருக்காகப் பேசுவது, வேலை யாருக்குப் போவது என்ற சண்டை தீர்ந்து 2017-இல்தான் வேலை தொடங்கியது. வழக்கை முடித்துவைக்க வேண்டும் என்று நிறுவனம் கேட்டபோது, 2018-இல் லண்டன் நீதிமன்றம் மறுத்தது. வேலை சரியாக நடக்காவிட்டால் திரும்பி வரும் கதவு மக்களுக்குத் திறந்தே இருந்தது. வழக்கு பின்னால் நிற்காமல் அந்தச் சமரசம் இவ்வளவு தூரம் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஈக்வடாரில் நடந்தது இதற்கு நேரெதிர். 1995-இல் டெக்ஸாகோவும் அரசும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. நிறுவனம் 4 கோடி டாலர் செலவில் தன் பங்குக் குழிகளை மூடியது. 1998-இல், இனி நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று அரசு விடுதலைப் பத்திரம் கொடுத்தது. அந்த மேசையில் அங்கே வசித்த மக்கள் இல்லை. அந்தப் பத்திரம் மக்களையும் கட்டுப்படுத்துமா என்ற கேள்வியே அடுத்த இருபது ஆண்டுச் சட்டப் போரின் மையமாக இருந்தது. நிறுவனத்தின் கண்ணோட்டத்தில் பார்த்தாலும் அது மலிவான உடன்பாடு அல்ல. யாரை வெளியே விட்டுவிட்டு முடிக்கிறோமோ அவர்களே அடுத்த வழக்கின் மனுதாரர்கள்.

உடன்பாட்டில் எதைக் கறாராகக் கேட்பது

'நிலத்தைத் திருப்திகரமாகச் சுத்தம் செய்து தருவோம்' என்ற வாக்கியம் உடன்பாட்டில் இருந்தால் அடுத்த தகராறு அங்கேயே தயாராகிவிட்டது. எண் வேண்டும். எண்ணெய் வயல் கழிவுக்கான லூசியானாவின் 29-பி விதி மேட்டுநிலக் கழிவுக் குழிகளுக்கு மண்ணின் மின்கடத்துத்திறன் (உப்பைக் காட்டும் அளவு) 4 மில்லிமோ/செ.மீ.க்குள், சோடியம் ஈர்ப்பு விகிதம் (சோடியம் மிகுதியைக் காட்டும் அளவு) 12-க்குள், எண்ணெயும் கொழுப்பும் 1 சதவீதத்துக்குள் என்று எண்ணாக வைத்திருக்கிறது. உங்கள் இடத்துக்கு இதே எண்கள் பொருந்தாமல் போகலாம். எண் இருக்க வேண்டும் என்பதே விஷயம். எந்த ஆழம்வரை, எந்த ஆய்வு முறையில், எத்தனை இடங்களில் என்பதும் அதோடு வர வேண்டும். மேல் ஒரு முழத்தில் மட்டும் மாதிரி எடுத்தால் எந்த வயலும் சுத்தமாகத்தான் தெரியும்.

அடுத்தது பணம். கையெழுத்தாகும் நாளிலேயே துப்புரவுத் தொகை இரு தரப்பின் கைக்கும் எட்டாத கணக்கில் இருக்க வேண்டும், வேலை முடியமுடியப் பகுதிபகுதியாக வெளிவர வேண்டும். நாளை அந்த வயலை நிறுவனம் விற்றுவிட்டால் வாங்கியவரையும் உடன்பாடு கட்டுப்படுத்த வேண்டும். புதிய மாசு தெரியவந்தால் மீண்டும் பேச வழி இருக்க வேண்டும். நிறுவன வழக்கறிஞர்கள் இந்தக் கடைசி விதியை மிகக் கடுமையாக எதிர்ப்பார்கள். அவர்கள் தேடி வந்ததே ஒரு முற்றுப்புள்ளியை. மண்ணுக்குக் கால வரம்பு, நிலத்தடி நீருக்கு நீண்ட கண்காணிப்பு என்று பிரித்தால் இடைவழி கிடைக்கலாம்.

இரகசியக் காப்பை எங்கே நிறுத்துவது என்பதையும் முதல் அமர்விலேயே பேசிவிட வேண்டும். தொகை இரகசியமாக இருக்கட்டும். தண்ணீர் ஆய்வு முடிவு இரகசியமாக இருக்கக் கூடாது. பக்கத்து நிலத்துக்காரரும் அதே நீரைத்தான் குடிக்கிறார். ஆணையம் இந்தத் திட்டத்தை ஏற்பதை உடன்பாட்டின் நிபந்தனையாகவே எழுதுங்கள். இரண்டு தனியார் கூடி அரசின் வரம்பைக் குறைத்துக்கொள்ள முடியாது. நிலுவையில் வழக்கு இருந்தால் உடன்பாட்டை நீதிமன்ற ஆணையாகவே பதிவுசெய்துகொள்ளலாம். மீறினால் புதிதாக வழக்குத் தொடுக்கத் தேவையிருக்காது.

எப்போது உட்காருவது, எப்போது எழுந்துபோவது

மாதிரி முடிவுகள் இல்லாமல் சமரசத்தில் உட்காருவது கண்ணைக் கட்டிக்கொண்டு பேரம் பேசுவது. எல்லா விசாரணையும் முடிந்து தீர்ப்புக்கு முந்தின வாரம் உட்காருவதும் வீண். செலவிட வேண்டியதையெல்லாம் இரு தரப்பும் ஏற்கெனவே செலவிட்டிருக்கும். முதல் சுற்று ஆய்வு வந்து, அடிப்படைக் கோப்புகள் கைமாறி, நிபுணர் அறிக்கைப் போர் தொடங்கும் முன் உள்ள இடைவெளிதான் சரியான நேரம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பேச்சு நடக்கிறது என்பதற்காகச் சட்டத்தின் காலவரம்பு தானாக நிற்காது. பல ஆண்டுகளுக்கு முன்பே மாசு தெரிந்திருந்தும் வழக்குத் தொடுக்காத நில உரிமையாளர்களின் தீங்கு இழப்பீட்டுக் கோரிக்கை காலாவதியாகிவிட்டது என்று லூசியானா உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. எனவே, பேச்சுக் காலத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று நிறுவனத்திடம் எழுதி வாங்குங்கள். அல்லது வழக்கைப் பதிவுசெய்துவிட்டுச் சமரசத்துக்குப் போங்கள். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். புகார், மாதிரி, வழக்குப் பதிவு, பிறகு துப்புரவை மட்டும் பிரித்தெடுத்துச் சமரசம். இழப்பீடு பின்னால் வரட்டும்.

நிறுவனம் திவாலாகும் நிலையில் இருந்தால் இந்த வரிசை மாறும். சமரசத்தில் கிடைக்கும் வாக்குறுதி கடன் கொடுத்தவர்களின் பட்டியலில் கடைசி வரியாகிவிடலாம். கனடாவின் ரெட்வாட்டர் வழக்கில், திவாலான எண்ணெய் நிறுவனத்தின் சொத்திலிருந்து கிணறுகளை மூடித் துப்புரவு செய்யும் கடமையை நிறைவேற்றிய பிறகே கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு என்ற நிலையை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அது ஆணையத்தின் உத்தரவுக்குக் கிடைத்த முன்னுரிமை. தனியார் உடன்பாட்டுக்குக் கிடைத்தது அல்ல. இப்படிப்பட்ட நிறுவனத்தோடு ஆறு மாதம் பேசிக்கொண்டிருப்பதைவிட, ஆணையத்தின் கதவைத் தட்டி உத்தரவு வாங்குவதும், அதே வயலை முன்னர் நடத்திய வசதியான நிறுவனம் எது என்று தேடுவதும் மேல்.

எழுந்துபோக வேண்டிய நேரம் வேறு சில அடையாளங்களாலும் தெரியும். கையெழுத்திடும் அதிகாரம் இல்லாத ஒருவரையே நிறுவனம் ஒவ்வொரு அமர்வுக்கும் அனுப்புகிறது. மாதிரி எடுக்க வரும் உங்கள் நிபுணரை வேலிக்கு வெளியே நிறுத்துகிறது. இழப்பீட்டுத் தொகையைக் கூட்டிக்கொண்டே போகிறது, ஆனால் ஆழம், எண், தேதி என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறது. கடைசியில் சொன்னதுதான் மயக்கும். தொகை பெரிதாக இருந்தால் ஊரில் பாதிப்பேர் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். அப்போது சமரசரிடம் இடைவேளை கேட்டு, அந்தத் தொகையில் எத்தனை கனமீட்டர் மண்ணை அள்ள முடியும் என்று உங்கள் நிபுணரைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.